மறுப்பும் விடையே: தரவுத்தள இணைப்பு முறிவுகளை இனங்காணலும் நன்னூல் கூறும் விடைவகைகளும்

ஆய்வுச்சுருக்கம்

தரவுத்தள வழங்கியோடு இணைப்புக் கிடைக்காத நிலையைச் 'சர்வர் இல்லை' என்னும் ஒற்றைத் தொடரால் குறிப்பது இன்று பெருவழக்காகியுள்ளது. தம்முள் வேறுபட்ட பல முறிவுகளை இத்தொடர் ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு முறிவுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. இணைப்புக் கோரிக்கையை வினாவாகவும் வழங்கி தரும் செய்தியை விடையாகவும் கொண்டு, நன்னூல் கூறும் எண்வகை விடைகளின் துணையால் இம்முறிவுகளைப் பகுத்துக் காட்ட இக்கட்டுரை முற்படுகிறது. திருத்தணி வட்டாரத்தின் ஆவணச் சூழல் பின்புலமாகக் கொள்ளப்படுகிறது. பிழைச் செய்தியின் சொல்லைக் கருதிப் படித்தலே பழுது நீக்கத்தின் முதற்படி என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், வழங்கி, இணைப்பு முறிவு, நன்னூல், விடைவகை, கலைச்சொல், திருத்தணி.

1. முன்னுரை

நிலப் பத்திரம் பதிதல், வில்லங்கச் சான்று பெறுதல், குடும்ப அட்டைக்குப் பொருள் வாங்குதல், சாதிச் சான்றுக்கு விண்ணப்பித்தல் ஆகிய யாவும் இன்று எங்கோ தொலைவிலுள்ள ஒரு தரவுத்தளத்தைச் சார்ந்தே நிகழ்கின்றன. அத்தரவுத்தளத்தைத் தன்னகத்தே வைத்துக்கொண்டு, கேட்பவர்க்குக் கேட்டதை எடுத்து வழங்கும் கணினியும் மென்பொருளும் வழங்கி எனப்படும். பேச்சு வழக்கில் இது சர்வர். வழங்கியோடு இணைப்புக் கிடைக்காதபோது சாளரத்தின் உட்புறமிருந்து 'சர்வர் இல்லை' என்றோ 'சர்வர் டவுன்' என்றோ ஒரு விடை வருகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி போன்ற இருமொழி வட்டாரத்தில் தெலுங்கு பேசுவோர் இதனையே 'சர்வர் லேது' என்பர்.

'இல்லை' என்பது இன்மைப் பொருள் தரும் சொல். பெரும்பாலான நேர்வுகளில் வழங்கி இல்லாமற் போவதில்லை. வழி அடைபட்டிருக்கலாம், வாயில் மூடியிருக்கலாம், கேட்டவரின் அடையாளம் ஏற்கப்படாதிருக்கலாம், இடம் நிறைந்திருக்கலாம். இவற்றுள் சில அரைமணி நேரத்தில் தாமே சீராகும். சில, உரியவர் தலையிட்டாலன்றி நாளையும் மறுநாளும் அவ்வாறே நீடிக்கும். 'நாளைக்கு வாருங்கள்' என்னும் அறிவுரை முதல் வகைக்குப் பொருந்தும். இரண்டாம் வகைக்குப் பொருந்தாது. கூலி நாள் ஒன்றை இழந்து பேருந்தேறி வரும் ஒருவருக்கு இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. திருத்தணியின் ஆவணப் பின்புலம்

திருத்தணி வட்டம் ஆவணங்களின் இடப்பெயர்வை நன்கறிந்த நிலப்பகுதி. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இப்பகுதி இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாநிலத்தின் பகுதியாயிற்று. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து, படாஸ்கர் பரிந்துரையின்படி, ஆந்திரப் பிரதேச–சென்னை எல்லை மாற்றச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் திருவள்ளூர் மாவட்டம் அமைந்தபின் அதன்கண் அடங்கியது. ஆட்சியெல்லை மாறுந்தோறும் ஓர் ஊரின் பத்திரம் எங்குள்ளது, எம்மொழியில் உள்ளது என்னும் வினா மீண்டும் மீண்டும் எழுவது இயல்பு.

காகிதக் காலத்தில் அவ்வினாவுக்கு விடை ஓர் அலமாரியில் இருந்தது. கணினிக் காலத்தில் விடை தரவுத்தளத்தில் உள்ளது. தமிழகப் பதிவுத் துறை 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 என்னும் இணையவழிப் பதிவு முறையை நடைமுறைப்படுத்தியது. பொது விநியோகத்தில் 2017இல் மின்னணுக் குடும்ப அட்டைகள் வந்தன. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை'த் திட்டம் தமிழகத்தில் செயற்பாட்டுக்கு வந்ததை ஒட்டி, விரல்ரேகை வழிச் சரிபார்ப்பும் நியாயவிலைக் கடைகளை அடைந்தது. தரவு ஓரிடத்தில் திரள்வதால் பயன் பெரிது: எங்கிருந்தும் கேட்கலாம். அதன் மறுபக்கம், கேட்கும் ஒவ்வொரு முறையும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதாகும். அலமாரிக்கு வழி அடைபடுவதில்லை, தரவுத்தளத்திற்கு அடைபடும்.

3. இணைப்பின் படிநிலைகள்

முறிவை அறிய, முறியாத இணைப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தரவுத்தளத்தை நாடும் ஒரு மென்பொருள் ஐந்து படிகளைக் கடக்கிறது.

முதற்படியில் வழங்கியின் பெயர் ஐ.பி. முகவரியாக மாற்றப்படுகிறது. இப்பணியைச் செய்வது டி.என்.எஸ். என்னும் பெயரடைவு. இரண்டாம் படியில் அம்முகவரி வரை வலையமைப்பின் வழியே செய்தி சென்று சேர்கிறது. மூன்றாம் படியில் அக்கணினியின் குறிப்பிட்டதொரு வாயில் தட்டப்படுகிறது. போர்ட் எனப்படும் இவ்வாயில்கள் எண்களால் அறியப்படும். மைஎஸ்கியூஎல் வழக்கமாக 3306ஆம் வாயிலிலும் போஸ்ட்கிரெஸ் 5432ஆம் வாயிலிலும் காத்திருக்கும். நான்காம் படியில் வழங்கி, வந்தவர் யாவர் என வினவிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கிறது. ஐந்தாம் படியில் அப்பயனர்க்கு உரிமை உண்டா, இடம் உண்டா, கேட்ட தரவுத்தளம் உண்டா என நோக்கி உள்ளே விடுகிறது.

பொதுமக்கள் பயன்படுத்தும் இணையச் சேவைகளில் இவ்வழி இரு கட்டங்களாக அமைந்திருக்கும் என்பதும் நோக்கத்தக்கது. அலுவலகக் கணினியோ கைப்பேசியோ தரவுத்தளத்தை நேரே அடைவதில்லை. அது முதலில் ஒரு வலைவழங்கியை அடைகிறது. அவ்வலைவழங்கியே பயனர் சார்பில் தரவுத்தள வழங்கியை நாடுகிறது. ஆகவே 'பக்கமே திறக்கவில்லை' என்பதும் 'பக்கம் திறக்கிறது, விவரம் வரவில்லை' என்பதும் வேறு வேறு. முன்னது முதற்கட்ட வழியில் அல்லது வலைவழங்கியிலேயே உள்ள முறிவைச் சுட்டும். பின்னது பெரும்பாலும் இரண்டாம் கட்டத்து முறிவு. அதனை அலுவலகத்தின் இணையக் கம்பியை மாற்றிச் சரிசெய்ய இயலாது.

4. நன்னூல் காட்டும் விடைப் பகுப்பு

இணைப்புக் கோரிக்கை ஒரு வினா. வழங்கி தருவது விடை. வினாவையும் விடையையும் வகைப்படுத்திய மரபு தமிழிலக்கணத்திற்கு உண்டு. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுக்கிறது. விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை. ஏனைய ஐந்தும் குறிப்பாற் பொருள் உணர்த்துவன. 'மலைக்கு வருவாயா?' என ஒருவர் வினவுவதாகக் கொள்வோம். 'வருவேன்' எனின் அது நேர். 'வாரேன்' எனின் மறை. 'நீயே போ' என்பது ஏவல். 'வாராதிருப்பேனோ?' என்பது வினா எதிர் வினாதல். 'கால் நொந்தது' என்பது உற்றது உரைத்தல். 'கால் நோகும்' என்பது உறுவது கூறல். 'அடிவாரம் வரை வருவேன்' என்பது இனமொழி. 'மலைக்கு வழி யாது?' என்றவர்க்கு 'இது' எனக் காட்டுதல் சுட்டு.

வழங்கியின் செய்திகள் இவ்வகைகளுள் பெரும்பாலும் அடங்குகின்றன. பெயருக்கு முகவரி காட்டும் பெயரடைவின் பணி சுட்டு. இணைப்பை ஏற்றல் நேர். மறுத்தல் மறை. கடவுச்சொல் கேட்டல் வினா எதிர் வினாதல். 'இணைப்புகள் நிறைந்தன' எனத் தன் நிலையைக் கூறுதல் உற்றது உரைத்தல். 'இப்பொழுதே தொடங்கிக்கொண்டிருக்கிறேன்' என்னும் செய்தி, சிறிது பொறுத்தால் கிடைக்கும் என்பதைக் குறிப்பால் உணர்த்துவதால் உறுவது கூறலின்பாற் படும். நிகழ்காலத் தரவைக் கேட்டவர்க்குச் சேமித்து வைத்த பழைய படியைக் காட்டுதல் இனமொழியை ஒக்கும். ஏவலுக்கும் சான்றுண்டு. ஒரே கணினியிலிருந்து இணைப்பு முயற்சிகள் இடையறாது தவறினால் மைஎஸ்கியூஎல் அக்கணினியைத் தடுத்துவிடும். இதற்கான இயல்பு வரம்பு 100. அப்போது வரும் 1129 என்னும் பிழைச் செய்தி, இன்ன கட்டளையால் தடையை நீக்குக என்று பயனரையே ஏவுகிறது.

இவ்வெட்டினுள் அடங்காத நிலை ஒன்றுண்டு. அது விடையின்மை. வினவியவர் காத்திருக்கிறார், எதிர்ப்புறத்திலிருந்து ஒரு சொல்லும் இல்லை. இலக்கணம் விடையை வகுத்ததேயன்றி மௌனத்தை வகுக்கவில்லை. 'மறுக்கப்பட்டது' என்னும் செய்தி ஏமாற்றம் தரினும் அது ஒரு விடை. மறுத்த ஒருவர் அங்கு இருக்கிறார் என்பதும், அவரை அடையும் வழி திறந்திருக்கிறது என்பதும் அதனால் உறுதியாகின்றன. விடையின்மையில் இவ்விரண்டும் உறுதியாகா. இவ்வேறுபாடே பழுது காண்பதில் முதன்மையானது.

5. முறிவு வகைகள்

5.1 பெயர் அறியாமை. வழங்கியின் பெயருக்கு முகவரி கிடைக்காத நிலை இது. மைஎஸ்கியூஎல் இதனை 2005 என்னும் எண்ணால் குறிக்கும். பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம், பெயரடைவு செயலிழந்திருக்கலாம், அலுவலக வலையமைப்புக்குள் மட்டும் வழங்கும் பெயரை வெளியிலிருந்து அழைத்திருக்கலாம். முகவரி எண்ணை நேரே இட்டால் இணைகிறது, பெயரை இட்டால் இணையவில்லை எனின், பழுது பெயரடைவில் உள்ளதென்று துணியலாம்.

5.2 விடையின்மை. முகவரி கிடைத்தும் எதிர்ப்புறம் பேசாத நிலை. லினக்ஸ் கணினி இயல்பான அமைப்பில் முதல் அழைப்புக்கு விடையில்லையெனில் மேலும் பல முறை, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே அழைக்கும். ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்குப் பின்னரே கைவிடும். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருப்பதற்கு இத்தகைய காத்திருப்பும் ஒரு காரணம். வழங்கிக் கணினி அணைந்திருத்தல், இடைவழி அறுந்திருத்தல், தீயரண் செய்தியை ஓசையின்றி விழுங்கிவிடுதல் ஆகியன இதன் காரணங்கள். தீயரணை அமைப்போர் வேண்டாத செய்தியை மறுத்துத் திருப்பவும் செய்யலாம், விழுங்கவும் செய்யலாம். விழுங்குமாறு அமைத்தால் முறையான பயனரும் மௌனத்தையே எதிர்கொள்வார்.

5.3 மறுப்பு. அழைத்த உடனேயே, பெரும்பாலும் ஒரு நொடிக்குள், 'இணைப்பு மறுக்கப்பட்டது' என வரும். பொதுவாகக் கணினி இயங்குகிறது, வழியும் உண்டு, அவ்வாயிலில் காத்திருப்பார் ஒருவருமில்லை என்பதே இதன் பொருள். மின்தடைக்குப் பின் கணினி தானே எழுந்திருக்கும். தரவுத்தள மென்பொருள் எழாதிருக்கும். வட்டில் இடம் தீர்ந்து மென்பொருள் தொடங்க இயலாதிருக்கலாம். வாயில் எண் மாறியிருக்கலாம். போஸ்ட்கிரெஸ் இயல்பமைப்பில் தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். வெளியழைப்பை ஏற்குமாறு தனியே அமைத்தல் வேண்டும். ஆகவே புதிதாக நிறுவிய வழங்கி உள்ளிருந்து இணைந்து, வெளியிலிருந்து மறுக்குமாயின், கேட்கும் முகவரிக்கான அமைப்பையே முதலில் நோக்க வேண்டும்.

இங்குச் சொல் நுட்பம் ஒன்றுண்டு. தன் கணினியைக் குறிக்க 'லோக்கல்ஹோஸ்ட்' என்னும் பெயரும் 127.0.0.1 என்னும் எண்ணும் வழங்குகின்றன. இரண்டும் ஒருபொருட் கிளவிகள் போலத் தோன்றும். லினக்ஸில் இயங்கும் மைஎஸ்கியூஎல்லுக்கு அவை அவ்வாறல்ல. பெயரை இட்டால் அது வலையமைப்பை விடுத்து, 'சாக்கெட்' என்னும் உள்வழிக் கோப்பைத் தேடும். எண்ணை இட்டால் வாயில் வழியே செல்லும். பெயருக்கு 2002 என்னும் பிழையும் எண்ணுக்கு முறையான இணைப்பும் கிடைக்குமாயின் உள்வழிக் கோப்பு இடம் மாறியுள்ளதென்று கொள்ளலாம்.

5.4 அடையாள மறுப்பு. வழங்கி பேசுகிறது, ஆனால் வந்தவரை ஏற்கவில்லை. மைஎஸ்கியூஎல்லில் இதன் எண் 1045. அச்செய்தியின் இறுதியில் கடவுச்சொல் அனுப்பப்பட்டதா என்பதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என ஒரு சொல் நிற்கும். பலர் அதனைப் படிப்பதில்லை. 'இல்லை' எனின் கடவுச்சொல் தவறன்று. மென்பொருள் அதனை அனுப்பவேயில்லை. அமைப்புக் கோப்பு படிக்கப்படாமை அதற்கொரு காரணமாகலாம்.

மைஎஸ்கியூஎல் பயனரைப் பெயரால் மட்டும் அறிவதில்லை. எவ்விடத்திலிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்தே அறிகிறது. உள்ளிருந்து வரும் ஒரு பெயரும் வெளியிலிருந்து வரும் அதே பெயரும் இரு வேறு பயனர்கள். அக்கணினிக்கு அனுமதியே இல்லையெனின் 1130 என்னும் எண் வரும். போஸ்ட்கிரெஸ்ஸும் தனக்கென ஓர் அணுகல் விதிக் கோப்பை வைத்து, எவ்விடத்திலிருந்து யார் எம்முறையில் வரலாம் என்பதை வரிவரியாக நோக்குகிறது. மேலும், 2018இல் வெளியான மைஎஸ்கியூஎல் 8.0 கடவுச்சொல் சரிபார்க்கும் இயல்பு முறையை மாற்றிக்கொண்டது. அம்முறையை அறியாத பழைய மென்பொருள்கள், கடவுச்சொல் சரியாக இருப்பினும் 1251 என்னும் பிழையோடு நின்றன. இங்குக் குற்றம் கடவுச்சொல்லினது அன்று.

5.5 இடநிறைவு. வழங்கி ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புகளையே ஏற்கும் என வரம்புண்டு. இயல்பமைப்பில் மைஎஸ்கியூஎல்லுக்கு 151, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 100. வரம்பு நிறைந்தால் முன்னது 1040 என்றும் பின்னது 53300 என்றும் குறிக்கும். முகூர்த்த நாள்களில் பதிவுக்கு வருவோர் பெருகுவதால் பதிவுத் துறை கூடுதல் முன்பதிவு வில்லைகளை ஒதுக்குவது வழக்கம். வருவோர் பெருகும் நாளில் வழங்கிகளின் இணைப்புகளும் பெருகும். ஆயினும் இடநிறைவுக்குக் கூட்டம் மட்டுமே காரணமன்று. வேலை முடிந்தும் இணைப்பை விடாத மென்பொருள் இருப்பின், கூட்டமில்லாத நாளிலும் இடம் நிறையும். வரம்பை உயர்த்துதல் அந்நிலையில் தீர்வாகாது; உயர்த்திய வரம்பும் சில நாளில் நிறையும். இணைப்புகளைத் திரும்பப் பெற்று மறுபயன் செய்யும் இணைப்புத் தொகுப்பு முறையே உரிய தீர்வு. நிறைந்த நிலையிலும் உள்ளே சென்று நோக்குவதற்கு நிருவாகிக்கென மைஎஸ்கியூஎல் ஓர் இணைப்பையும் போஸ்ட்கிரெஸ் 3 இணைப்புகளையும் ஒதுக்கி வைக்கின்றன. அவ்வொதுக்கீட்டை அன்றாடப் பணிக்குச் செலவிடலாகாது.

5.6 இடையறவு. இணைந்தபின் அறுதல் இது. மைஎஸ்கியூஎல் ஓர் இணைப்பில் 28,800 நொடி, அதாவது 8 மணி நேரம், பேச்சில்லையெனில் அதனை முடித்துவிடும். முந்திய மாலை திறந்த இணைப்பை மறுநாட் காலை பயன்படுத்த முயலும் மென்பொருள் 2006 என்னும் பிழையைப் பெறலாம். நாள்தோறும் காலையில் முதல் முயற்சி மட்டும் தவறி, இரண்டாம் முயற்சி வெல்லுமாயின் இக்காரணத்தை ஐயுறலாம்.

6. சோதனை வரிசை

மேற்கண்ட படிகளை வரிசையாகச் சோதித்தலே முறை. ஒரு கல்லூரியில் திருத்தணி வட்டாரக் கல்வெட்டுத் தரவுத்தளம் ஒன்று இயங்குவதாகக் கற்பனை செய்துகொள்வோம். வீரட்டானேசுவரர் கோயிலின் பல்லவர் காலக் கல்வெட்டுகளும், 1977இல் கிடைத்த வேளஞ்சேரிச் செப்பேடுகளும் அதில் உள்ளிடப்படுகின்றன. ஒருநாட் காலை இணைப்புக் கிடைக்கவில்லை.

முதலில், பிழைச் செய்தியை எண்ணோடும் நேரத்தோடும் அப்படியே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அடுத்து, இது ஒருவருக்கா எல்லார்க்குமா என வினவ வேண்டும். ஒருவருக்கு மட்டுமெனில் அவர்தம் கணினியையும் பயனர் உரிமையையும் நோக்குக. எல்லார்க்குமெனில் வழங்கியையும் பொதுவழியையும் நோக்குக. மூன்றாவதாக, பெயருக்கு முகவரி கிடைக்கிறதா எனக் காண்க. நான்காவதாக, வாயில் திறந்துள்ளதா எனச் சோதிக்க. 'பிங்' சோதனைக்கு விடை வராமையை மட்டும் கொண்டு வழங்கி இல்லையெனத் துணிதல் கூடாது. பல வலையமைப்புகள் அச்சோதனையையே தடுத்து வைத்திருக்கும். குறித்த வாயிலை நேரே தட்டிப் பார்ப்பதே நம்பத்தக்கது. ஐந்தாவதாக, வழங்கி உள்ள கணினிக்கே சென்று உள்ளிருந்து இணைந்து பார்க்க. உள்ளே இணைந்து வெளியே இணையாவிடின், வழி, கேட்கும் முகவரி, தீயரண், அணுகல் விதி ஆகியவற்றில் ஒன்றே காரணம். உள்ளேயும் இணையாவிடின் வழங்கியின் பதிவேட்டைப் படிக்க. தான் நின்ற காரணத்தைப் பெரும்பாலும் அது தானே எழுதி வைத்திருக்கும்.

செய்யத்தகாதன மூன்றுண்டு. காரணம் அறியுமுன் வழங்கியை நிறுத்தித் தொடங்குதல் ஒன்று. அதனால் அந்நேரத்து இணைப்புகளின் நிலை கலைந்து சான்று அழியும். தீயரணை முற்றாக அகற்றி வைத்தல் இரண்டு. நிருவாகி உரிமையை எவ்விடத்திலிருந்தும் பெறுமாறு திறந்துவிடுதல் மூன்று. பின்னிரண்டும் இணைப்பைத் தரலாம். கூடவே அயலார்க்கும் வழியைத் தரும்.

7. இணைப்பு முறிவு போலத் தோன்றும் எழுத்துப் பிழை

இணைப்புக் கிடைத்தும் தமிழெழுத்துகள் கேள்விக்குறிகளாகத் தோன்றுவதுண்டு. பயனர் இதனையும் 'சர்வர் பிரச்சினை' என்றே கூறுவார். உண்மையில் இரு புறத்தாரும் வேறு வேறு எழுத்துக் குறியீட்டில் பேசுவதன் விளைவு இது. மைஎஸ்கியூஎல் 8.0க்கு முன்னர் லத்தீன் எழுத்துக் குறியீடே இயல்பாக இருந்தது.

தமிழாய்வாளர்க்கு இதில் தனிக் கவனம் வேண்டும். வழக்கமான தமிழெழுத்துகள் யூ.டி.எஃப்.-8 முறையில் குறியீட்டுக்கு 3 பைட்டு இடம் கொள்வன. மைஎஸ்கியூஎல்லின் பழைய யூ.டி.எஃப். அமைப்பு 3 பைட்டு வரையே ஏற்கும் என்பதால் அவை அதில் இடர்ப்பாடின்றி அடங்கும். ஆனால் முந்திரி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில் துணைத்தொகுதியாகச் சேர்ந்தன. அவை 4 பைட்டு கொள்வன. நில அளவுகளைப் பின்னக் குறிகளோடு உள்ளிட முயன்றால் பழைய அமைப்பு மறுக்கும். அல்லது கண்டிப்பு முறை அணைந்திருப்பின் குறிக்கு முன்னேயே தொடரை வெட்டிவிடும். வெட்டுண்ட நில அளவு பார்வைக்கு முழுமையானது போலவே இருக்கும். நான்கு பைட்டு அமைப்பைத் தொடக்கத்திலேயே தேர்தல் இதற்கு ஏமம்.

8. சாளரத்தில் சொல்லத்தக்க சொல்

இதுகாறும் கண்ட பகுப்பு வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. நியாயவிலைக் கடையின் விரல்ரேகைக் கருவியை எடுத்துக்கொள்வோம். அங்கே பொருள் வழங்கும் தரவுத்தளம் ஒன்று. ஆதார் சரிபார்க்கும் வழங்கி மற்றொன்று. ஆதார் சரிபார்ப்பில் 300 என்னும் பிழைக்குறி விரல்ரேகை பொருந்தவில்லை என்பதைக் குறிக்கும். இது தெளிவான மறை. வழங்கி இருக்கிறது, வினாவைப் பெற்றது, ஒப்பிட்டு 'அன்று' என்றது. மண்வேலையால் ரேகை தேய்ந்த முதியவர் ஒருவரிடம் இந்நிலையில் 'சர்வர் இல்லை, நாளை வாருங்கள்' எனில், நாளையும் அதே விரல், அதே விடை. அவருக்குத் தேவையானது நாளை அன்று, மாற்று வழி. ஆதார் முறையில் கருவிழிச் சரிபார்ப்பும் கைப்பேசி வழி ஒருமுறைக் கடவுச்சொல்லும் உள்ளன. விடையின்மையை மறுப்பாகவும் மறுப்பை விடையின்மையாகவும் மயங்கக் கூறுவதால் நேரும் இழப்பு இத்தகையது.

வலைப்பக்கங்கள் தரும் எண்களையும் இவ்வாறே படிக்கலாம். 503 என்பது சேவை தற்காலிகமாகக் கிடையாது என்பது. பல வேளைகளில் எப்பொழுது மீண்டும் வரலாம் என்னும் குறிப்போடு வரும் உறுவது கூறல். 504 என்பது இடைநின்ற வழங்கி தான் வினவிய இடத்தில் விடை பெறவில்லை எனத் தெரிவிப்பது. ஒருவரது மௌனத்தை மற்றொருவர் உற்றது உரைத்தலாக நமக்கு எடுத்துரைக்கிறார்.

ஆகவே 'சர்வர் இல்லை' என்பதற்கு மாற்றாக நான்கு தொடர்களையேனும் வழக்கிற்குக் கொணரலாம். 'விடை வரவில்லை' என்பது வழியிலோ எதிர்ப்புறத்திலோ தடை. சிறிது பொறுத்து முயலலாம். 'வாயில் மூடியுள்ளது' என்பது சேவை நின்றுள்ளது. தொழில்நுட்பப் பணியாளரை அழைக்க வேண்டும். 'அடையாளம் ஏற்கப்படவில்லை' என்பது காத்திருப்பதாற் பயனில்லை. வேறு சான்று அல்லது திருத்தம் வேண்டும். 'இடம் நிறைந்துள்ளது' என்பது கூட்டம் குறைந்தபின் வரலாம். இவை எளிய தமிழ்த் தொடர்கள். கேட்பவர் அடுத்துச் செய்யவேண்டியதைத் தம்முள்ளே கொண்டிருப்பன.

9. முடிவுரை

தரவுத்தள இணைப்பு ஒரே நிகழ்ச்சியன்று. வரிசையான படிகளின் தொகுதி. முறிவும் அவ்வாறே எப்படியில் நேர்ந்தது என்பதைப் பொறுத்து வேறுபடும்.

பிழைச் செய்திகளை விடைகளாகக் கொண்டு நோக்கின் அவை நன்னூல் கூறும் வகைகளோடு பெரிதும் பொருந்துகின்றன. பொருந்தாது எஞ்சுவது விடையின்மை. மறுப்பு, வழங்கியின் இருப்பை உறுதிப்படுத்தும். விடையின்மை எதனையும் உறுதிப்படுத்தாது. எனவே இரண்டையும் ஒரு சொல்லால் குறித்தல் பிழை காண்பதற்குத் தடையாகும்.

பிழைச் செய்தியின் எண், இறுதிச் சொல், அது வர எடுத்த நேரம் ஆகிய மூன்றும் காரணத்தைக் காட்டும் முதன்மைச் சான்றுகள். அவற்றைப் பதிந்த பின்னரே வழங்கியைத் தொடுதல் வேண்டும்.

அரசுச் சேவை மென்பொருள்களின் தமிழ்ப் பிழைச் செய்திகள் இவ்வேறுபாட்டைப் புலப்படுத்துமாறு அமைதல் வேண்டும். தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பெயர்ச்சொற்களில் காட்டிய அக்கறையை இத்தகைய முழுத் தொடர்களிலும் காட்டுதல் காலத்தின் தேவை. சாளரத்தின் முன் நிற்பவரை வந்து சேர்வன அத்தொடர்களே.